கதவு மூச்சு விட்டது

தலையே போனாலும் ரூமை விட்டுக்கொடுப்பதில்லை என்று அனிமேஷன்காரர் முடிவெடுத்துவிட்டார். நாளைக்கு மைத்துனர் ஒரு மாதம் தங்க வருகிறார். வீட்டில் உபரியாக இருப்பது அந்த ஒரே ரூம். அதில்தான் அவருடைய கம்ப்யூட்டரும் நிம்மதியும் இருந்தன.

"ஸ்கிரிப்ட்ல எரர். கம்ப்யூட்டரை இப்ப நகர்த்தவே கூடாது," என்று வாய் கூசாமல் மனைவியிடம் சொன்னார்.

"என்ன எரர்?"

"கேட்ட பொருள் இங்கே இல்லைன்னு வருது. சரி பண்ண ஒரு மாசமாகும்."

"அடப்பாவமே! குளிச்சுட்டு வந்து நிதானமா பாருங்க."

அவள் இவ்வளவு சுலபமாகப் பரிதாபப்பட்டபோதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

குளித்துவிட்டு வந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, படங்களை அசைக்கும் அந்த ஸ்கிரிப்டை ஓட்டினார். பூட்டுக் கம்பெனி விளம்பரம். மேலிருந்து கீழாக நிலா, விளக்கு, கதவு, முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பெண் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய நாலே படங்கள், நாலே லேயர். விளக்கு மினுக்க வேண்டும், கதவு திறக்க வேண்டும், பெண் மெல்ல மூச்சு விட வேண்டும், கடைசியில் நிலா ஒளிர வேண்டும். காலையில் அப்படித்தான் நடந்தது.

இப்போது நிலா மினுக்கியது. விளக்கு, கீல் வைத்ததுபோல் ஒருபக்கமாகத் திறந்தது. பிறகு கதவு மெல்ல விம்மித் தாழ்ந்து மூச்சு விட்டது. பெண் மட்டும் பிணம்போல் அசையாமல் இருந்தாள். கடைசியில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி: கேட்ட பொருள் இங்கே இல்லை.

அவர் சொன்ன அதே பொய்!

மறுபடி ஓட்டினார். கதவு மறுபடி மூச்சு விட்டது. தமக்குப் பின்னாலிருந்த நிஜக் கதவைத் திரும்பிப் பார்க்கப் பயந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"இந்தா! சீக்கிரம் வா!"

"என்னங்க?"

"ரூம்ல ஏதோ இருக்கு. நான் ஹாலுக்குப் போறேன். உங்க அண்ணன் இங்கயே படுத்துக்கட்டும்."

"அவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அவரைப் பார்த்து அதுதான் பயப்படும்!"

கம்ப்யூட்டரைத் தாமே தூக்கிவந்து ஹாலில் வைத்தார். வெளிச்சத்தில் கொஞ்சம் தைரியம் வந்தது. மறைத்துவைத்த லேயர்களையும் காட்டும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே காலியாக ஒரு லேயர். அவர் பெண்டாட்டியையே பேர் சொல்லிக் கூப்பிடாதவர். ஸ்கிரிப்டிலும் லேயர்களை மேலிருந்து நம்பர் போட்டுத்தான் கூப்பிடுவார். புதிதாக ஒன்று மேலே நுழைந்ததும் எல்லா நம்பரும் தள்ளிப்போய், விளக்குக்குச் சொன்னதை நிலாவும் கதவுக்குச் சொன்னதை விளக்கும் செய்தன; நிலாவுக்குச் சொன்னது காலி லேயருக்குப் போய் எரர் ஆனது. இந்தச் சங்கதியை எல்லாம் தினமும் சாப்பாட்டு வேளையில் மனைவிக்குப் பாடம் எடுத்தவரும் அவரேதான்.

அந்தக் காலி லேயருக்குப் பெயர் இருந்தது. 'அண்ணன்.'

உள்ளே ரூமில் மெத்தை விரிப்பை உதறியபடி மனைவி சொன்னாள்: "மேல ஒருத்தர் வந்து உக்காந்தா, மத்தவங்க ஒரு இடம் கீழ இறங்கித்தானே ஆகணும்?"