ஈரக்குடைக்கு ஒரு மன்னிப்பு

“இதுக்குப் பேரு திருட்டு!”

மகளின் வேதியியல் நோட்டின் மேல் கடிதத்தை வைத்துத் தட்டினார் கண்ணாடிக்கடைக்காரர். இசை உரிமைச் சங்கத்திலிருந்து வந்த கடிதம். அவர்கள் வீட்டு இணைய இணைப்பிலிருந்து யாரோ ஒரு பாட்டை அனுமதியில்லாமல் வலையேற்றியிருக்கிறார்களாம்.

“ஒருத்தர் ராப்பகலா உழைச்சு ஒரு பாட்டு போடுவாரு. நீ நோகாம எடுத்து ஊருக்கே பரிமாறுவ. வெக்கமா இல்ல?”

பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனைக் கழற்றினாள்.

“என்ன பாட்டுன்னு பாத்தீங்களாப்பா?”

“எதுவா இருந்தா என்ன?”

“படிங்களேன்.”

படித்தார். ‘ஜன்னல் அளவு வானம்’. எழுதிப் பாடியவர்: ஈரக்குடை.

அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தார். போன வாரம் கடைக்கு வந்த புது மூக்குக்கண்ணாடி ஃப்ரேம்களை வீடியோ எடுத்து, இதே வீட்டு சோபாவில் சாய்ந்தபடி அவரேதான் வலையேற்றியிருந்தார். பின்னணிக்கு, எங்கோ கேட்டுப் பிடித்துப்போன அந்தப் பாட்டு. அத்தோடு விட்டாரா? “என் பேரையாவது போடுங்களேன்” என்று வீடியோவுக்குக் கீழே கேட்ட ஈரக்குடைக்கு, “பாட்டு காத்து மாதிரி தம்பி, யாருக்கும் சொந்தமில்ல” என்று தத்துவம் வேறு சொல்லியிருந்தார்.

“யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சுதாப்பா?”

“அது... விசாரிக்கணும்” என்று கடிதத்தைப் பையில் திணித்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

முதல் வேலையாகப் பெயரைச் சேர்த்தார். வெறும் பெயர் மொட்டையாக இருக்கிறதே என்று, ‘பாடல்: நம் கடையின் நீண்டநாள் வாடிக்கையாளர் ஈரக்குடை’ என்று போட்டார். மூன்றாம் நாளே அடுத்த கடிதம் வந்தது. ஈரக்குடை அந்தக் கடையில் கண்ணாடி வாங்கியதே இல்லையாம். அவருக்குக் கண் நன்றாகவே தெரிகிறதாம்.

வம்பே வேண்டாம், அழித்துவிடலாம் என்று போனை எடுத்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர், பதற்றத்தில் தன் கண்ணாடியை மாட்ட மறந்தார். அமுக்கியது பக்கத்துப் பொத்தான். வீடியோ அவருடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

“பாட்டு பிரமாதம் சார்! யாரு பாடினது?” என்று கேட்டு போன் ஓயவில்லை. பல் டாக்டர் ஒருவர், வலி மறக்கிறது என்று தன் கிளினிக்கிலேயே ஓடவிட்டிருந்தார்.

மூன்றாவது கடிதம் இரண்டே வரி. நேரில் வரவும்.

சங்க அலுவலகத்தில் மேசைக்குப் பின்னாலிருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினார். கடைக்காரர் தன் பெயர், வீட்டு முகவரி எழுதினார். ‘நடந்தது என்ன’ என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு மளமளவென்று எழுதினார்: ‘என் மகள் சின்னப் பிள்ளை. விவரம் தெரியாமல் செய்துவிட்டாள்.’

எழுதியதைப் படித்துப் பார்த்தபோது அவருக்கே காது சுட்டது. நோட்டின் மேல் தட்டிய கை இதே கைதான். ‘மகள்’ என்பதை அடித்தார். ‘சின்னப் பிள்ளை’யையும் அடித்தார். ‘நான்தான் செய்தேன். பாட்டு காற்று இல்லை. மன்னிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது.

“நல்ல காரியம் பண்ணீங்க சார். நிறையப் பேரு பழியை வீட்டுல யார் மேலயாவது போட்டுட்டுப் போயிடுவாங்க” என்றார் அந்தப் பெண்.

கண்ணாடிக்கடைக்காரர் அடித்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“ஒரே ஒரு உதவி பண்ணுங்கம்மா. அந்தத் தம்பி கால்ல வேணும்னாலும் விழறேன். ஆனா இது என் பொண்ணுக்கு மட்டும் தெரியக் கூடாது.”

அந்தப் பெண் படிவத்தைப் பார்த்தார். கோப்பைப் புரட்டினார். மறுபடியும் படிவத்தைப் பார்த்தார்.

“அது எப்படி சார் முடியும்? புகார் குடுத்த ஈரக்குடையோட முகவரியும் இதேதான் போட்டிருக்கு.”