தம்பியின் வயிற்றுவலியும் உன் காலி நாற்காலியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்றுதான் தொடங்க நினைத்தேன். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகுங்கள் என்று குடும்ப ஆலோசகர் கட்டளையிட்டிருப்பதால், நலம் பாதி, மீதி கீழே.

நீ வேலைக்கென்று வெளியூர் போனதிலிருந்து உன் தம்பிக்குச் சாப்பாட்டு வேளையில் மட்டும் வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. டாக்டர் இந்த ஆலோசகரிடம் அனுப்பினார். அவனை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பேப்பர் படிக்கலாம் என்றிருந்தேன். ஆலோசகர் அம்மாளோ உன் அம்மாவையும் சேர்த்து எங்கள் மூவரையும் உட்காரவைத்து, வலி அவன் வயிற்றில் இருந்தாலும் கோளாறு வீட்டில் இருக்கலாம், ஒருவர் நகர்ந்தால் மற்றவர்களும் நகர்ந்தே தீருவார்கள் என்றார். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இதுகூடவா புரியாது? லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றால் மூன்றாம் மாடியையா பழுது பார்ப்போம்? பிறகு, உங்கள் மனைவியிடம் ஏதாவது நேராகச் சொல்லுங்கள் என்றார். நான் தம்பி பக்கம் திரும்பி, "டேய், நேரா பேசணுமாம், அம்மாகிட்ட சொல்லு" என்றேன். உன் அம்மாவும் அவனைப் பார்த்தே, "சரின்னு சொல்லுடா" என்றாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஆலோசகர் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை, பழக்கம்தான். இத்தனை வருடமும் நடுவில் தூது போனது நீ. நீ போனதும் அந்த வேலை அவன் தலையில் விழுந்திருக்கிறது. ஆலோசகர் சொன்னபடி இப்போது தினமும் பத்து நிமிடம் அவனை வெளியே அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் பேச வேண்டும். முதல் நாள் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினோம். இரண்டு நிமிடத்தில் குழாய் தீர்ந்துவிட்டது. மீதி எட்டு நிமிடமும் உன் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண் உன்னைத் தேடுகிறது, கண்ணு. இருந்தாலும், இந்த ஊருக்கே மாற்றல் கிடைக்கும்போலிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை வாங்கிக்கொள்ளாதே. நீ வந்தால் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும். நாங்கள் பேசிப் பழகிக்கொள்கிறோம், நீ அங்கேயே இரு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

ஆசிகளுடன்,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அம்மா இதை வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, நடுவில் ஆளே இல்லாமல், என் முகத்தைப் பார்த்து, "இதை இப்படியே அனுப்பினீங்கன்னா நான் உங்ககூட பேசமாட்டேன். அவளை வரச் சொல்லுங்க" என்றாள். எத்தனையோ வருடம் கழித்து எனக்கென்று நேராக வந்த உத்தரவு, மீற மனம் வரவில்லை. மாற்றலை வாங்கிக்கொண்டு வந்துவிடு. தினமும் பத்து நிமிடம் மட்டும் தம்பியோடு நீயும் வெளியே நில்.