இல்லாத மாமாவுக்கு ஒரு பஸ்

உக்காருங்க. எல்லாரும் உக்காருங்கப்பா. பேச்ச நிறுத்துங்க. அந்த சேருக்கு ஒரு கால் ஆடும், பாத்து. செத்தவருக்காக அழுதாச்சு. மாட்டுக்கறி தின்னாச்சு. பியர் வந்தாச்சு. இனிமே ஒருத்தன் பேசணும், மத்தவங்க கேக்கணும். பேசப்போறது நான். ஏன்னா அண்டா என் பொறுப்பு.

நியூகாசில்லேர்ந்து வந்த தம்பி ஒரு கேள்வி கேட்டாரு. கல்லறையிலேர்ந்து திரும்பி வந்து வாசல்ல எல்லாரும் கை கழுவுனோமே, அந்தத் தண்ணி தன் வெட்டுக்காயத்துல பட்டு சுருக்குனு எரிஞ்சுச்சாம். வழக்கமா வெக்கிற கத்தாழைத் தண்ணி எரியாதே அண்ணே, இது என்ன தண்ணின்னு கேட்டாரு.

அது கத்தாழைத் தண்ணி இல்ல தம்பி. கடல் தண்ணி. இன்னிக்கு நாம புதைச்சமே, உங்க ஷபலாலா தாத்தா, அவரோட சொந்தக் கடல் தண்ணி. அது கடலே இல்லாத இந்த கட்லெஹாங் தெருவுக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லணும்னா, என் மாமாவ நான் சாகடிச்ச கதைய மொதல்ல சொல்லணும்.

பதறாதீங்க. அப்படி ஒரு மாமா எனக்குக் கெடையாது. எங்க தெருக்காரங்க இப்பவே வாயப் பொத்திக்கிறாங்க பாருங்க. அவங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரங்க நீங்க கேளுங்க.

நான் ஸ்வேலி மபாசோ. இந்தத் தெரு சாவுச் சங்கத்துல அண்டாக்காரன். மூணு கால் இரும்பு அண்டா, சாமியானா, சேரு, எல்லாம் என் கொட்டாயிலதான். சாவி என் கழுத்துல. எவன் செத்தாலும் வெள்ளிக்கிழமை மதியம் நான் அடுப்பு மூட்டணும், சனிக்கிழமை நான் பரிமாறணும். இந்த ஊர்ல சனிக்கிழமைன்னா சாவுதான். மத்தவங்களுக்கு வாரம் ஏழு நாள். எனக்கு அஞ்சு. மிச்சம் ரெண்டு செத்தவங்களுக்கு.

அதோ, அண்டாவுக்குப் பின்னால சாம்பல் போட்டுத் தேய்ச்சிக்கிட்டு இருக்கே, அதுதான் என் வீட்டுக்காரி மாகுமேடே. அண்டாவ வேற யாரும் தொட விடமாட்டேன். தேய்க்க மட்டும் அவளுக்கு உரிமை உண்டு. பேசமாட்டா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ பேசுன பேச்ச எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள்ள போட்டு மூடிடலாம். குச்சிக்கும் எடம் இருக்கும்.

எங்க சமையல்கட்டுல ஒரு பாட்டில் இருந்துச்சு. யாரோ டர்பன் போனப்ப ரொப்பிக்கிட்டு வந்து குடுத்த கடல் தண்ணி. நம்ம பக்கத்து ஆளு எவன் கடலுக்குப் போனாலும் தெருவே காலி பாட்டில குடுத்து அனுப்புமே. வயித்துக்கு ஒரு மடக்கு, வீட்டு மூலைக்கு ஒரு தெளிப்பு. அந்தத் தண்ணி தீந்துபோச்சு. மாகுமேடே பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா.

"டுடு அப்பா, இந்தத் தடவ நானே போயி ரொப்பிக்கிறேன்."

டுடு எங்க பொண்ணு. வேலைக்குப் போயி பிரிட்டோரியாவுல இருக்கா. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். இவ இது வரைக்கும் எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. கடலையும் பாத்ததில்ல. நானும் பாத்ததில்லதான், ஆனா நான் பாத்த மாதிரி பேசுவேன். மார்ல அடிச்சி சத்தியம் பண்ணேன். உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகலேன்னா நான் மபாசோ இல்லன்னேன்.

திட்டம் போட்டேன் பாருங்க, எந்த மந்திரியும் அப்படிப் போட்டிருக்க மாட்டான். ஊரு டர்பன். தங்குறது ரெண்டு ராத்திரி. கடலுக்கு ஒரு தெரு பின்னால சின்ன ரூம். ஜன்னல்ல எட்டிப் பாத்து, கழுத்த இன்னும் கொஞ்சம் நீட்டுனா கடல் தெரியுமாம். வெள்ளிக்கிழமை போயி காலு நனைக்கிறோம். சனிக்கிழமை துறைமுகத்துல படகு. மதியம், அரை ரொட்டியக் குடைஞ்சு உள்ள ஆட்டுக்குழம்பு ஊத்தித் தருவாங்களே, அது. சாயங்காலம் கரையோரமா கையக் கோத்துக்கிட்டு ஒரு நடை. ஞாயித்துக்கிழமை பாட்டில ரொப்பிக்கிட்டுத் திரும்புறோம்.

கையக் கோத்துக்கிட்டுன்னு நான் சொன்னப்ப அவ உருளைக்கிழங்கு உரிச்சிக்கிட்டு இருந்தா. "ம்"னா.

ரூமுக்குச் சொல்லி வெச்சாச்சு. புதன்கிழமை கோடிவீட்டு டெய்லர் செத்துட்டான். ரூம் வேண்டாம்னு சொன்னேன். மறுபடி சொல்லி வெச்சேன். பந்து சொல்லிக்குடுக்குற வாத்தியார் செத்துட்டாரு. நல்லா ஓடிக்கிட்டு இருந்த மனுஷன். மூணாவது தடவ நான் ரூமுக்கு போன் போட்டப்பவே ரூம்காரப் பொம்பளை, இப்ப செத்தது யாருங்கன்னு கேட்டா.

அதுக்கப்புறம் நான் சீக்காளிங்கள கவனிக்க ஆரம்பிச்சேன். ஆரஞ்சுப்பழம் எடுத்துக்கிட்டு வீடு வீடா போவேன். தெருவே என்னைப் புனிதர்னு நெனைச்சுது. நான் பாத்தது நாக்கையும் கண்ணையும். யாரு சனிக்கிழமை வரைக்கும் தாங்குவாங்க, யாரு தாங்கமாட்டாங்க.

எனக்கு ரொம்பப் பயம் ஷபலாலா தாத்தா மேலதான். தங்கச் சுரங்கத்துல வேலை பாத்த நெஞ்சு, பூரா தூசி. இருமுனா ரெண்டு வீட்டுக் கோழி எந்திரிச்சிரும். இருமல் மருந்து வாங்கிக் குடுத்துட்டு, தாத்தா, இந்த சனிக்கிழமைய மட்டும் எப்படியாவது ஓட்டிடுங்கன்னேன்.

"ஏன்டா, அன்னிக்கு வேற எவனாவது சொல்லி வெச்சிட்டானா?"

சாகுற மனுஷன் கேக்குற கேள்வியா இது.

மாகுமேடே ஒரு தடவ சொன்னா, கொட்டாய் சாவிய யாருகிட்டயாவது குடுத்துட்டுப் போலாமேன்னு. யாருகிட்ட? கூழு கிண்டத் தெரியாதவன் கையில என் அண்டாவையா? அடி புடிக்க விட்டான்னா செத்தவரே எந்திரிச்சு வந்து கேப்பாருன்னேன். அவ "ம்"னா. இந்த ஒத்த எழுத்த அவ எத்தனை வெதமா சொல்லுவான்னு எனக்கு அப்பத் தெரியல.

அப்பத்தான் புத்தி வேலை செஞ்சுது. ஒரு சாவுக்குப் போகாம தப்பிக்க ஒரே வழி, இன்னொரு சாவுக்குப் போறது.

உயிரோட இருக்குற சொந்தக்காரங்கள வாயால சாகடிச்சா முன்னோருங்க சும்மா விடமாட்டாங்க. அதனால புதுசா ஒருத்தரப் பொறக்க வெச்சேன். பெகி மாமா. எங்கம்மாவுக்குத் தம்பி. டர்பன் துறைமுகத்துல வேலை. கல்யாணம் இல்ல, புள்ளை இல்ல, போட்டோ இல்ல. ஒரே சாயங்காலத்துல பொறந்து, வளந்து, செத்துட்டாரு. மாகுமேடேகிட்ட மட்டும் விஷயத்தச் சொன்னேன். "ம்"னா. சொல்லிட்டு, பக்கத்து வீட்டுல உப்பு வாங்கிட்டு வரேன்னு போனா. நம்ம வீட்டுல உப்பு இருக்கேன்னு அப்ப எனக்குத் தோணல பாருங்க.

பக்கத்து வீடு யாரு வீடு? சங்கத்துத் தலைவி மாலுதுலி அக்கா வீடு.

மறுநாள் சங்கத்துல போயி தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னேன். டர்பன்ல எங்க மாமா தவறிட்டாரு, சனிக்கிழமை அடக்கம், நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடறோம்னேன். அக்கா மொகத்த மூடிக்கிட்டு அழுதுச்சு. பெகியான்னுச்சு. அந்த நெட்டையான ஆளா, உன் கல்யாணத்துல தொப்பியக் கழட்டாம ஆடுனாரேன்னுச்சு. பின்னால ஒருத்தி, ஆமா, பல்லு கொஞ்சம் தூக்கலான்னா. எனக்கு முடி நட்டுக்கிச்சு. அப்பறம் அக்கா கண்ணத் தொடைச்சிட்டுச் சொல்லுச்சு.

"உறுப்பினரோட தாய்மாமன் செத்தா சங்கமே போகணும், அண்டாவோட. நீதானே ஸ்வேலி மேசையத் தட்டி இந்தச் சட்டத்தக் கொண்டுவந்தே?"

நான்தான். மேசை கூட ஒடைஞ்சுது.

அது சின்னக் குடும்பம் அக்கான்னேன். அப்ப அழ ஆளு வேணுமேன்னுச்சு. அவரு வேற சபை, அங்க பொம்பளைங்க பாடக்கூடாதுன்னேன். வாய மூடிக்கிட்டு முனகுறோம்னுச்சு. அவரு நல்லவரே இல்லக்கா, ஊரு பூரா வெறுத்துச்சுன்னேன். ஐயோ பாவம், அப்ப கட்டாயம் போகணும்னுச்சு. பஸ் சொல்லியாச்சு.

வெள்ளிக்கிழமை விடியக்காலை. தெரு பூரா கறுப்புத் துணி, தோள்ல போர்வை. பஸ் கூரை மேல என் அண்டா. ஆளாளுக்குப் பெரிய பெரிய பை. ஷபலாலா தாத்தாவும் கோட்டு போட்டுக்கிட்டு ஏறிட்டாரு. நீங்க எதுக்கு தாத்தான்னேன். சாவுக்குப் போயிப் பழகிக்கிறேன்டான்னாரு.

வழியெல்லாம் பாட்டு. நடுநடுவுல ஒருத்தி வந்து, மாமா எப்படிப் போனாருன்னு கேப்பா. சர்க்கரைன்னேன். அடுத்தவகிட்ட நெஞ்சுவலின்னேன். மூணாவதா வந்தவகிட்ட கூரையிலேர்ந்து விழுந்துட்டாருன்னேன். எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. ஒருத்திக்கும் சந்தேகம் வரல. எனக்கு அப்பத்தான் அழுகை வந்துச்சு. நெசமாவே. அப்படி ஒரு மாமா இருந்திருந்தா சின்ன வயசுலயே என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாரேன்னு. தேம்பித் தேம்பி அழுதேன். மாகுமேடே கைக்குட்டை குடுத்தா. ஜன்னலப் பாத்துக்கிட்டே குடுத்தா.

மலையெறங்கி டர்பன் வந்துருச்சு. டிரைவர் எந்தப் பக்கம்னான். எனக்கு என்ன தெரியும்? நேரான்னேன். இன்னும் நேரான்னேன். சோத்தாங்கைப் பக்கம்னேன். கடைசியில ரோடு முடிஞ்சிபோச்சு.

எதிர்ல கடல்.

தாத்தாவோட இருமல் கூட நின்னுபோச்சு. நான் எந்திரிச்சு நின்னேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும், நான் ஒரு விஷயம் சொல்லணும்னேன்.

"உக்காரு ஸ்வேலி. உன் மாமா நல்ல மனுஷன். பொறக்காமலே எங்களுக்கெல்லாம் கடலக் காட்டிட்டாரு."

சொல்லிக்கிட்டே மாலுதுலி அக்கா கறுப்பக் கழட்டுச்சு. உள்ள பூப்போட்ட குளிக்கிற துணி. பின்னால ஒவ்வொருத்தியா கழட்டுறா. சிவப்பு, மஞ்சள், பச்சை. பையத் தொறந்தா தட்டு இல்ல, காலி பாட்டில். பஸ் பூரா கடகடன்னு சத்தம். பொம்பளைங்க அப்படியே ஓடுனாங்க. நடுவுல மாகுமேடே. அவ ஓடி நான் பாத்ததே இல்லங்க. அவளுக்கு ஓடத் தெரியும்னே எனக்குத் தெரியாது.

நானும் செருப்பக் கழட்டுனேன். அப்பத்தான் எங்க தெரு ஐசக்கு பய அண்டாவ எறக்கப்போனான். விடுவேனா? எடுடா கையன்னேன். அத்தனை பேருக்கும் சோறு வேணுமே. அடுப்பு மூட்டுனேன், கறி வெட்டுனேன், கூழு கிண்டுனேன். ஐசக்கு, நான் பாத்துக்கிறேன், நீ போயி காலு நனைச்சிட்டு வா அண்ணேன்னான். அடி புடிக்க விட்ருவே போடான்னேன்.

தாத்தா மட்டும் என் பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்தாரு. ரொம்ப நேரம் கடலையே பாத்தாரு. அப்புறம் சொன்னாரு.

"சுரங்கத்துக்குள்ள எந்நேரமும் தண்ணி ஒழுகும்டா. வேலை பூரா அத வெளிய எறைக்கிறதுதான். எங்கதான் போகுதுன்னு நெனைப்பேன்."

கூழக் கிண்டுனேன். அவரு பாட்டில நீட்டி, இதுல ரொப்பிட்டு வாடான்னாரு. அண்டாவ விட்டுட்டு எப்படி தாத்தான்னேன். மாகுமேடே வந்தா, பாட்டில வாங்கிக்கிட்டா, இடுப்பு வரைக்கும் எறங்கி ரொப்பிக்கிட்டு வந்து அவரு மடியில வெச்சா. அவரு அதக் கோட்டுக்குள்ள வெச்சிக்கிட்டாரு. புள்ளையத் தூக்கி வெச்சிக்கிற மாதிரி.

ரூமா? சொல்லி வெச்ச ரூமுல மாகுமேடேவும் மாலுதுலி அக்காவும் இன்னும் நாலு பொம்பளைங்களும் தூங்குனாங்க. நான் பஸ்ஸுல, அண்டாவோட. கழுத்த நீட்டிப் பாத்தேன். டிரைவரோட காலு தெரிஞ்சுது. சனிக்கிழமையும் சமைச்சேன். ஞாயித்துக்கிழமை அண்டா கழுவுனேன். குழாய்த் தண்ணியில.

அப்படியாப்பட்ட டர்பனுக்குப் போயி வந்தும் காலு நனையாதவன் இந்தத் தெருவுல, தாத்தா போக, நான் ஒருத்தன்தான்.

திங்கக்கிழமையிலேர்ந்து தாத்தா படுத்தவரு எந்திரிக்கல. நான் ஆரஞ்சு எடுத்துக்கிட்டுப் போனேன். இந்தத் தடவ சும்மா, பாக்கத்தான் போனேன். நாக்கப் பாக்கல. அவரு சிரிச்சாரு. இனிமே எந்த சனிக்கிழமையா இருந்தாலும் பரவால்லடா, தோதாப் பாத்துக்கோன்னாரு.

இன்னிக்குக் காலையில மாகுமேடே யாரையும் கேக்காம அவரு பாட்டில எடுத்து வந்து வாசல் சட்டியில கவுத்துட்டா. அதான் தம்பி உங்க கை எரிஞ்சுது. நானும் அதுலதான் கை கழுவுனேன். என் உடம்புல கடல் பட்டது அது ஒண்ணுதான்.

போதும். சாவ வெச்சி வெளையாடுனா இப்படித்தான். எல்லாரும் கேட்டுக்குங்க, தாத்தா கடலோரத்துல உக்காந்த இந்த சேரு மேல கைய வெச்சிச் சொல்றேன். இனிமே என் வாயால என் சொந்தத்துல ஒருத்தரையும் சாகடிக்க மாட்டேன். இது சத்தியம்.

அண்டாவுக்குப் பின்னால தேய்க்கிற சத்தம் நின்னுபோச்சே. மாகுமேடே தலையத் தூக்குறா. சாம்பல் கையப் பாவாடையில தொடைக்கிறா.

"அப்படிச் சொல்லாதீங்க டுடு அப்பா. கேப் டவுன்ல உங்க அத்தைக்கு ரொம்ப முடியலையாம்."