மாடிப்படித் தேற்றம்

கல்லூரியில் கணிதம் படித்தவர்களில் ஒரு சாரார் பரீட்சை முடிந்த கையோடு அதைத் தலைமுழுகிவிடுவார்கள். அவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை. மற்றவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் படித்ததை வாழ்க்கையில் பயன்படுத்தியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்கள். தேநீர் ஆறுவதற்கு ஒரு சமன்பாடு, கடையில் எந்த வரிசை நகரும் என்பதற்கு நிகழ்தகவு, மனைவியின் கோபம் தணிவதற்கு ஒரு வளைகோடு. தேநீர் ஆறி அவலாகிவிடும். வரிசை நகராது. கோபத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எங்கள் குடியிருப்பிலும் ஒருவர் உண்டு. காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. அவர் முதுகுக்குப் பின்னால் 'தேற்றம்' என்போம்.

ஒரு காலையில் அவர் வீட்டுக்குப் புது சோபா வந்து இறங்கியது. மாடிப்படித் திருப்பத்தில் இது திரும்புமா என்று மனைவி கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. குறுகிய திருப்பத்தில் நீளமான பொருளைக் கொண்டுபோவது நுண்கணிதப் புத்தகத்தில் இருக்கிற கணக்காம். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சோபாவின் கால்களைக் கழற்றிவிடலாமே என்று மனைவி சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. தூக்க வந்தவர்களை நிறுத்திவைத்து, சுவரில் பென்சிலால் கணக்குப் போட்டு, கோணம் சொன்னார்.

சோபா திருப்பத்தில் சிக்கியது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

மாடியில் அவர் மகள், வேலைக்கான நேர்காணலுக்குப் புறப்பட்டு நின்றாள். இறங்க வேறு வழி கிடையாது.

"அப்பா, நேரமாச்சு. வழி விடுங்க."

"கணக்கு சரிதாம்மா. சுவரைத்தான் நேரா கட்டல."

சோபாவைத் தாண்ட மகள் எந்தக் காலை முதலில் எடுத்துவைக்க வேண்டும் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், அவள் செருப்பைக் கையில் பிடித்து, சோபாமேல் ஏறி, உடையின் ஓரம் கிழியக் குதித்து ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது நேர்காணல் முடிந்திருந்தது. வேலை வேறொருவருக்குப் போனது.

சாயங்காலம் கால்களைக் கழற்றியதும் சோபா சமர்த்தாக மேலே ஏறிக்கொண்டது. மகள் இன்றுவரை அதில் உட்காரவில்லை. அவரோ, கணிதத்தால் என்ன பயன் என்று யார் கேட்டாலும் அந்த சோபாவைத்தான் சொல்கிறார். கால்களைக் கழற்றியது விடையில் ஒரு சிறு திருத்தமாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள்: அந்தப் பெண் மேலே தவித்து நின்றபோது அவளை நினைத்தீர்களா, இல்லை, 'செங்குத்தாக நிமிர்த்தியிருந்தால் போயிருக்குமே' என்று மனதுக்குள் சோபாவைத் திருப்பிக்கொண்டிருந்தீர்களா?