முதல் அழைப்புக்கு யாரும் போவதில்லை

அந்த வாரம் முழுக்க ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடுவதில்லை என்று தீர்மானித்தேன். போகிறபோக்கில் எடுத்த தீர்மானம் இல்லை. சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, பால்கனியில் நின்று கடலை நேருக்கு நேர் பார்த்து எடுத்தது.

நேரம் அப்படி. ஈஸ்டருக்கு வந்த கூட்டம் ஊர் திரும்பியாகிவிட்டது. கோடைக் கூட்டம் இன்னும் பெட்டி கட்டவில்லை. வெயில் உறைக்காது, காற்று குத்தாது. கடற்கரையில் என்னையும் சில கடற்காகங்களையும் விட்டால் ஆள் கிடையாது. காலையில் இரண்டு சொட்டு பிராந்தி விட்ட காபி. பிறகு துறைமுகக் காபிக்கடை வாசலில் டோமினோ கட்டை ஆட்டம். மதியம் கரியில் வாட்டிய மத்தி மீன், தக்காளி தேய்த்த ரொட்டி, குளிர்ந்த ஒயின் ஒரு தம்ளர். அதன்மேல் ஒரு தூக்கம். தூக்கம் என்றால் நாற்காலியில் தலை தொங்குகிற தூக்கம் இல்லை. சட்டையைக் கழற்றி மாட்டி, ஜன்னல் மறைப்பை இறக்கி, மரியாதையாகத் தூங்குகிற தூக்கம். அல்பாசெத்தே ஊரில் ஆயுசு முழுக்க டவுன் பஸ் ஓட்டிக் கிழித்தவன் நான். இதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் ஸ்பெயினில் இருக்க முடியாது.

மிச்சமாகிற நேரத்தில் என் மனைவி எர்மினியாவுக்குச் சமையலறையில் ஒத்தாசையாக இருந்தேன். கையால் இல்லை, வாயால்.

"பூண்டு கருகப்போவுது. தீயைக் குறை" என்பேன்.

"நாப்பது வருஷமா நான்தான் பூண்டு வதக்குறேன்."

"அதனாலதான் சொல்றேன். தினம் போற ரூட்டுலதான் டிரைவர் அசந்துபோவான்."

அவள் கத்தியை மெதுவாகக் கீழே வைப்பாள். நான் சொன்னது மண்டையில் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அடுத்து வெங்காயம் நறுக்குவதில் உள்ள குறைகளுக்குப் போவேன். இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வாரத்தில்தான் லிஃப்டுக்குள் அந்த நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

வீட்டு உரிமையாளர்கள் கூட்டம். வியாழக்கிழமை, கீழ்த்தளக் கூடத்தில். முதல் அழைப்பு ஐந்து மணி. இரண்டாம் அழைப்பு ஐந்தரை. பொருள்: புதிய தலைவர் தேர்வு.

எங்கள் கட்டடத்துக்குத் தலைவராவதைவிட, ஆகஸ்ட் மாதத்தில் செருப்பில்லாமல் அல்பாசெத்தேவுக்கு நடந்தே போகலாம். லிஃப்ட் நின்றால் தலைவர் கதவைத் தட்டுவார்கள். நீச்சல்குள மோட்டார் இருமினால் தலைவர். மாடிக்காரர் துணியிலிருந்து கீழ்வீட்டுக்காரர் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் தலைவர். தட்டுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுப்பது எப்போதும் மதியம் தூங்குகிற நேரத்தைத்தான். சம்பளம் கிடையாது. ஒரு வருஷத்துக்கு மீட்சியும் கிடையாது.

ஆளைத் தேர்ந்தெடுக்க எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்கு எவன் வரவில்லையோ அவன் தலையில் கட்டிவிடுவது. இல்லாதவன் மறுக்க மாட்டான் அல்லவா. போன வருஷம் நான்காம் மாடி ஃபுவென்சாந்தா கூட்ட நேரத்தில் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தாள். கணவனை இழந்த, நல்ல தைரியமான பெண். வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தவளுக்குக் கைதட்டல் கிடைத்தது. அன்றிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

மற்ற வீடுகளுக்குச் சொந்தக்காரர்களான மாட்ரிட்காரர்கள் ஆகஸ்டில் மட்டும் வருகிறவர்கள். அவர்களைத் தலைவராக்கிப் பிரயோஜனம் இல்லை. வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கிற குடும்பங்கள் மூன்று. ஃபுவென்சாந்தா முடித்துவிட்டாள். மிச்சம் நானும், தரைத்தளத்து உல்பியானோவும். உல்பியானோ ஓய்வுபெற்ற கசாப்புக் கடைக்காரர், என் டோமினோ கூட்டாளி, உயிர் நண்பர். ஆகவே அவரைக் காவு கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

நான் கூட்டத்தில் இருக்க வேண்டும். அவர் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் திட்டம். ஆனால் அந்த ஆளைக் கட்டடத்தை விட்டுக் கிளப்ப ஒரே ஒரு தூண்டில்தான் உண்டு: காட்டு அஸ்பராகஸ். வசந்த மழைக்குப் பிறகு முள்வேலி ஓரமாகப் பென்சில் கனத்தில் தலைநீட்டுமே, அந்தக் குருத்து. முட்டை ஊற்றி வதக்கினால் சொர்க்கம். அது விளைகிற இடத்தை இந்தக் கரையில் எவனும் எவனுக்கும் சொல்ல மாட்டான். பாதிரியாரிடம் எல்லாப் பாவத்தையும் சொல்வார்கள், அஸ்பராகஸ் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஒரு இடம் தெரியும். கட்டிய மனைவிக்குக்கூட நான் அதைக் காட்டியதில்லை.

புதன்கிழமை டோமினோவின்போது உல்பியானோவின் காதருகே குனிந்தேன்.

"யோவ், என் அஸ்பராகஸ் இடம் வேணுமா?"

அவர் கையிலிருந்த டோமினோ கட்டை கீழே விழுந்தது. "உனக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா, கோஸ்மே?"

"முதுகு வலிய்யா. குனிய முடியல. வீணாப் போறதுக்கு உனக்காவது ஆகட்டும்னு பாத்தேன்."

பழைய ரயில் பாதை, காய்ந்த ஓடை, மூன்றாவது பாதாம் மரத்துக்குப் பின்னால் உள்ள முள்வேலி என்று அடையாளமெல்லாம் சொன்னேன். வியாழன் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு போனால்தான் குருத்து கண்ணுக்குத் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். பாவம் என்று எனக்கே தோன்றியது. காபிக்கு நானே காசு கொடுத்தேன்.

வியாழக்கிழமை எர்மினியா புதுப் பச்சை மொச்சையை, உப்பிட்ட பன்றித்தொடை ஹாம் போட்டுச் சமைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். தூங்கிப்போய்க் கூட்டத்தைக் கோட்டை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் கடிகாரத்தில் மணி வைத்துக்கொண்டுதான் படுத்தேன். நான் சாமானியப்பட்டவன் இல்லை. மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து பால்கனிக்குப் போனேன். கீழே உல்பியானோ ஒரு கையில் கூடை, ஒரு கையில் தடியோடு கட்டடத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கூடையை ஆட்டினார். நானும் ஆட்டினேன், கையை. தெருமுனையில் அவர் திரும்பி மறைந்ததும் எனக்குப் பாட வேண்டும்போல இருந்தது.

உள்ளே வந்தால் எர்மினியா அடுப்படியில் பாலில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். எலுமிச்சைத் தோல், பட்டை, சர்க்கரை எல்லாம் பக்கத்தில் தயாராக இருந்தன. எனக்கு உயிரான பால்சோறு.

"ஏங்க, கூட்டத்துக்குப் போறீங்களா?" என்றாள்.

"போகாம? அஞ்சரைக்குக் கீழ இருப்பேன்."

"அதுவரைக்கும் இதைக் கொஞ்சம் கிண்டுறீங்களா? ஃபுவென்சாந்தாவுக்குத் தலைக்குச் சாயம் போட்டுவிடுறேன்னு சொல்லியிருந்தேன். கரண்டியை எடுத்தா அடிப்பிடிச்சிடும். வேற யார்கிட்டயும் நம்பி விட முடியாது. உங்களுக்குத்தான் இதெல்லாம் நுணுக்கமாத் தெரியுது."

நுணுக்கமா! நாற்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் அந்த வார்த்தையை என்னைப் பற்றிச் சொல்கிறாள். ஒவ்வொரு நாளும் நான் கொடுத்த யோசனைகள் வீண்போகவில்லை என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. கரண்டியை வாங்கிக்கொண்டேன். அவள் உதட்டுக்குச் சாயம் பூசி, நல்ல காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தலைச்சாயம் போடப்போகிறவளுக்கு நல்ல காலணி எதற்கு என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் பால் பொங்க ஆரம்பித்ததால் அதைத் தொடர்ந்து யோசிக்க வசதிப்படவில்லை.

ஐந்து மணியானது. மாதா கோயில் மணி கேட்டது. எனக்குப் பதற்றமே இல்லை. முதல் அழைப்பு என்பது சட்டத்துக்காக எழுதுகிற நேரம். பாதி வீட்டுக்கு மேல் ஆள் சேர்ந்தால்தான் அந்த நேரத்தில் கூட்டம் செல்லும். இந்த நாட்டில் எந்தக் கட்டடத்திலும் முதல் அழைப்புக்கு ஆள் போனதாகச் சரித்திரம் கிடையாது. அரை மணி கழித்து இரண்டாம் அழைப்பு. இருக்கிறவர்களை வைத்து நடத்தலாம். எல்லாரும் அதற்குத்தான் போவார்கள். என் அப்பா அப்படித்தான் போனார், நானும் அப்படித்தான் போகிறேன். ஐந்து மணிக்குக் கீழே போய் நிற்கிறவன் ஒன்று ஜெர்மன்காரனாக இருக்க வேண்டும், இல்லை பைத்தியமாக இருக்க வேண்டும்.

வலப்பக்கம் கிண்டினேன். இடப்பக்கம் கிண்டினேன். சோறு அழகாகக் குழைந்து வந்தது. அடுப்பை அணைத்து, பட்டைத்தூள் தூவி, சட்டையை மாற்றி, மீசையை வாரி, ஐந்தரை அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போதே கீழே இறங்கினேன். உல்பியானோவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கையைத் தூக்க வேண்டியது யார் என்று யோசித்தேன். நானே தூக்கினால் நன்றாக இருக்காது. இரண்டாவதாகத் தூக்கலாம் என்று முடிவு செய்தேன்.

கூடத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

கட்டடக் கணக்குவழக்கைப் பார்க்கிற பராச்சினா தன் பையை மூடிக்கொண்டிருந்தார். ஃபுவென்சாந்தா சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் முழுக்கச் சிரிப்பு. தலையில் சாயத்தின் சுவடே இல்லை. அவளுக்குப் பக்கத்தில் என் மனைவி. அவளுக்குப் பக்கத்தில், மடியில் ஒரு பெரிய கட்டு அஸ்பராகஸை வைத்துக்கொண்டு, உல்பியானோ.

"நீ எப்படிய்யா இங்க?" என்றேன்.

"காலையிலயே போயிட்டு வந்துட்டேன்யா. அருமையான இடம். ரொம்ப நன்றிய்யா" என்றார் உல்பியானோ. "இத்தனை வருஷமா ஒரு குருத்தை மோந்து பாக்கக்கூடக் குடுக்காதவன், திடீர்னு தோட்டத்தையே குடுக்கிறானே, ஏதோ கெட்ட நோய் வந்துடுச்சுபோலன்னு பயந்துட்டேன். நேத்தே ஓடிப்போய் உன் வீட்டம்மாகிட்ட விசாரிச்சேன். அவங்க சொன்னாங்க, நோயெல்லாம் இல்ல, வியாழக்கிழமைக் கூட்டம்தான் அவருக்கு நோயின்னு. சும்மா கூடையை எடுத்துக்கிட்டு வெளிய போயி, பின்பக்கக் கதவு வழியா அஞ்சு மணிக்கு வந்துடுன்னாங்க."

"அஞ்சு மணிக்கா?"

"முதல் அழைப்பு" என்றார் பராச்சினா. அந்த மனிதரின் குரல் நடுங்கியது. இத்தனை வருஷத் தொழிலில் முதல் அழைப்பில் ஒரு கூட்டத்தை நடத்தியது இதுதான் முதல்முறையாம். மாட்ரிட்காரர்கள் எல்லாரும் தங்களுக்குப் பதிலாகக் கை தூக்கச் சொல்லி எர்மினியாவுக்கு எழுத்து மூலம் அனுமதி அனுப்பியிருந்தார்களாம். அவள் ஒரு கையைத் தூக்கினால் பாதிக் கட்டடமே தூக்கியதாக அர்த்தம். கூட்டம் காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டதாம்.

"எல்லாரும் வந்திருந்தாங்க" என்றாள் ஃபுவென்சாந்தா. "ஒருத்தரைத் தவிர."

ஒரு சாவிக்கொத்தை என் கையில் வைத்தாள். லிஃப்ட் அறை, மொட்டைமாடி, மோட்டார் அறை, குப்பை அறை. கனம் தாங்காமல் கை தாழ்ந்தது. கைதட்டினார்கள். உல்பியானோதான் அதிகம் தட்டினார். தட்டிவிட்டு, குளத்துப் பக்கம் ஒரு ஓடு பெயர்ந்திருக்கிறது, நாளைக்கே பார்க்க முடியுமா என்று கேட்டார்.

மேலே வந்ததும் எர்மினியா நேராக அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டிப் பால்சோற்றை வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் ஜன்னலைத் திறந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டுக் கடலைப் பார்க்க உட்கார்ந்தாள். அவளை இவ்வளவு நிம்மதியாக நான் எப்போதும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

"என் வாரம் போச்சு. என் வருஷமே போச்சு. உன் புருஷனுக்கே குழி வெட்டிட்டியே, எர்மினியா. நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

அவள் இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டாள்.

"தலைவரே, ரெண்டாம் மாடியிலேர்ந்து ஒரு புகார் இருக்கு. எழுதிக்கிறீங்களா?"

இரண்டாம் மாடி நாங்கள்தான். ஆனாலும் பதவியில் உட்கார்ந்த பிறகு பாரபட்சம் காட்டக் கூடாது. பேனாவை எடுத்தேன்.

"சொல்லுங்க."

"வேலையில்லாத ஆம்பளை ஒருத்தர் நாள் பூராவும் வீட்டுக்குள்ளயே இருக்காரு. நாளைக் காலையில முதல் வேலையா வெளிய எடுத்துடணும்."