பதினேழு சதவீத மீன்

கடல் மீன்களின் பேரினம் இன்னதென்று அறியாமலே மக்கள் அவற்றைக் குழம்பு வைத்துத் தின்றுவருவது அரசின் மேலான கவனத்துக்கு வந்தது. ஆகவே, பேரினப் பெயர் பதியாத மீனை விற்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. தரங்கம்பாடியில் அதற்கென்று ஓர் அலுவலகமும் திறந்தார்கள். அதிகாரியாக வந்தவர் பஞ்சநாதன். இருபத்தெட்டு வருஷம் பாபநாசம் பக்கம் நெல் கொள்முதல் செய்தவர். மீனை இலையில் மட்டும் பார்த்திருக்கிறார்.

முதல் நாளே மீன் விற்கும் அம்சம் ஒரு கூடையோடு வந்து நின்றாள். அவள் புருஷன் வலையில் அன்றைக்கு விழுந்தது அவ்வளவுதான். முதுகில் மஞ்சள் கோடு, தாடையில் இரண்டு மீசை. ஊரில் யாரும் பார்த்திராத மீன்.

"சார், சீக்கிரம் ஒரு பேரு போட்டுக் குடுங்க. வெயில் ஏறுனா நாறிடும்."

அலுவலகத்தின் மீன் ஆய்வாளர் எழில்மொழி துடுப்பு முள்ளை எண்ணினாள், செவுளைத் திறந்து பார்த்தாள். "புதுப் பேரினம் சார்!" என்று குதிக்காத குறை.

பஞ்சநாதன் அசரவில்லை. பையிலிருந்து நெல்லின் ஈரம் பார்க்கும் தம் பழைய கருவியை எடுத்து மீன் வயிற்றில் சொருகினார்.

"ஈரப்பதம் எழுபத்தெட்டு. பதினேழுக்கு மேல எடுக்க முடியாதும்மா."

"கடல்லேர்ந்து வந்தது சார். ஈரமாத்தானே இருக்கும்?"

"எல்லாரும் இப்படித்தான் காரணம் சொல்றாங்க. ரோட்டுல கொட்டிக் காய வைங்க."

"காஞ்சா சுருங்கிடும் சார், அடையாளமே போயிடும்" என்றாள் எழில்மொழி.

"அடையாளம் உங்க பிரச்சினை. ஈரப்பதம் அரசாங்கப் பிரச்சினை."

அம்சம் தார்ச்சாலையில் மீனைப் பரப்பி, காக்கா விரட்டிக்கொண்டே அழுதாள். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த நான் பஞ்சநாதனை வாய்க்குள் திட்டினேன்.

ஆறாம் நாள் கருவி பதினேழு காட்டியது. பஞ்சநாதன் நெல்மணிக்குச் செய்வதுபோல் நீள அகலம் அளந்து பதிவேட்டில் எழுதினார்: பேரினம், கருவாடு. இனம், சன்ன ரகம். கண்டறிந்தவர், பஞ்சநாதன்.

"கருவாடு எப்படி சார் பேரினமாகும்?" என்றாள் எழில்மொழி.

"ஏன் ஆகாது? எத்தனை மீன் அதுக்குள்ள அடங்குது பாருங்க."

பேப்பரில் அவர் படம் வந்தது. அம்சம் வலையில் விழுந்ததையெல்லாம் காய வைத்து, 'அரசு பெயரிட்ட சன்ன ரகம்' என்று அட்டை எழுதி வைத்தாள். வேளாங்கண்ணிக்குப் போகிற கார்களெல்லாம் நின்று வாங்கின. ஒருநாள் பஞ்சநாதனே வரிசையில் நின்றார். கருவாட்டை மோந்து பார்த்து முகம் சுளித்தார்.

"ஏம்மா, இதுல பச்சை மீனா இல்லியா?"

"பேரு போடாதத விக்கக் கூடாதே சார்."

அவருக்குப் பின்னால் நின்ற நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு என் முறை வந்தது. "பதினேழுதானே அம்சம்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் அரைக் கிலோ வாங்கினேன்.