எனக்கு அறுபத்து நாலுதான் என்று எழுதித் தாருங்கள்

லிங்கராஜபுரம், பெங்களூரு
புதன்கிழமை

மதிப்பிற்குரிய முனிரத்தினம் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காள் மகன் கோவிந்தராஜன் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் தமயந்தியும் சுகம். அத்திபெலேயில் தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் சர்க்கரையும் போன மாதம் இருந்த அளவைத் தாண்டவில்லை என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நான் பேசுவது தங்களுக்குக் கேட்காது, தாங்கள் பேசுவது ஓசூர் வரைக்கும் கேட்கும். விஷயமோ என் வயதைப் பற்றியது. ஆகவே கடிதம்.

வரும் டிசம்பரில் எங்கள் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகிறது. அதற்காக மகள் கிருத்திகாவும் மாப்பிள்ளை ஹரிஷ்குமாரும் எங்களுக்கு அந்தமானுக்கு ஆறு நாள் டூர் போட்டிருக்கிறார்கள். நான் என்னவோ கடற்கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து இளநீர் குடிப்பது என்று நினைத்திருந்தேன். கிருத்திகா போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். மனுஷன் தலையில் கண்ணாடிக் குடம் மாதிரி ஒன்றைக் கவிழ்த்து, ஏணி வழியாகக் கடலுக்குள் இறக்கிவிடுகிறார்கள். அடியில் மணலில் நடக்க வேண்டுமாம். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கையைக் கோத்துக்கொண்டு நடக்கிறார்கள், மஞ்சள் மீன்கள் அவர்களைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. தமயந்தி அந்த வீடியோவை ஐந்து தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாங்க, இதுக்கு நாம போலாமா? இதே மாதிரி கைய புடிச்சிக்கினு?" என்றாள். மாமா, இந்த நாற்பது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டதெல்லாம் குழாய்க்கு வாஷர், சிலிண்டருக்கு போன், ரேஷன் கார்டில் பெயர் திருத்தம். ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதே மூச்சு முட்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் "போலாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அப்புறம் டூர் ஆபீசிலிருந்து வந்தது விண்ணப்பப் பாரம். பெண் பார்க்கப் போனபோது தமயந்தி வீட்டார்கூட என்னை இவ்வளவு கேள்வி கேட்கவில்லை. உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, இடுப்பு எவ்வளவு, இரண்டு மாடி நிற்காமல் ஏறுவீரா, ஏணியில் பிறர் உதவியின்றி இறங்குவீரா, காதில் சீழ் உண்டா, கர்ப்பமாக இருக்கிறீரா. கடைசிக் கேள்விக்கும் பதில் எழுதாவிட்டால் பாரம் நகர மாட்டேன் என்கிறது, ஆகவே இல்லை என்று எழுதினேன். கயிற்றில் தொங்கி மரத்துக்கு மரம் போகிற விளையாட்டுக்கு எடை நூறு கிலோவுக்குள் இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டு எடை மெஷின் யார் ஏறினாலும் நாற்பத்தொன்று காட்டும். சரி என்று தெருக்கோடிப் பழைய பேப்பர் கடைக்குப் போய் ராகேஷின் பெரிய தராசில் ஏறி நின்றேன். அவன் கீழே உட்கார்ந்தபடியே, "எழுவத்தொம்போது சார். பேப்பர் ரேட்டா, இரும்பு ரேட்டா?" என்றான். பக்கத்தில் பழைய குக்கர் விற்க வந்திருந்த நாலு பேர் சிரித்தார்கள். மாடிப்படிக்கு எதிர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஏறிப் பழகினேன். மூன்றாம் நாள் அங்கே குடியிருக்கும் ஒரு அம்மாள், "தினமும் மேல வந்து ஒண்ணும் சொல்லாம கீழ போறாரு, யாரு இவரு?" என்று அசோசியேஷனில் புகார் கொடுத்துவிட்டார். மூச்சு அடக்க பக்கெட்டில் முகத்தை வைத்தேன். பால் பாக்கெட் கொண்டுவந்த பெண் அதைப் பார்த்துவிட்டு தமயந்தியைக் கூப்பிட்டு, "அக்கா, அண்ணனுக்கு மனசு ஏதாச்சும் சரியில்லையா?" என்று அழுகிற குரலில் கேட்டாளாம். இத்தனையும் பட்டு எல்லாப் பரீட்சையிலும் பாஸ் செய்தேன் மாமா. விழுந்தது ஒன்றே ஒன்றில்தான்.

கடலுக்கடி நடைக்கு வயது அறுபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். என் ஆதாரில் 1959 ஜூன் ஒன்று. கம்மனஹள்ளியில் இருக்கிற டூர் ஆபீசுக்கு நேரிலேயே போனேன். ஷில்பா என்று ஒரு பெண், நல்ல பிள்ளை, தண்ணீர் எல்லாம் கொடுத்தாள். "அறுபத்தாறு காட்டுது சார், சிஸ்டம் எடுத்துக்காது. சிக்ஸ்டி ஃபைவ்க்கு மேல ஆனவங்க போட்லயே உக்காந்துக்கலாம். கண்ணாடி போட்டு கீழ தெரியிற போட் சார், நல்லா இருக்கும்" என்றாள். "அம்மா, எனக்கு நிஜத்தில் அறுபத்து நாலுதான்" என்றேன். அவள் கேலி செய்யவில்லை. மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "நிஜத்துக்கு ஏதாச்சும் டாக்குமெண்ட் இருக்கா சார்?"

மாமா, அந்த நிஜத்துக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிற டாக்குமெண்ட் நீங்கள் ஒருவர்தான். அதை அழித்தவரும் நீங்கள்தான். 1964-இல் எனக்கு மூன்றரை வயது. வீட்டில் அரிசி டின்னைக் கவிழ்க்கிறான், தொல்லை தாங்கவில்லை என்று அம்மா சொன்னவுடன், தாய்மாமன் முறைக்கு நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு அல்சூர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனீர்கள். வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொட்டால்தான் ஐந்து வயது. என் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. நீங்கள் என் தலையைத் தோளோடு சாய்த்து அமுக்கி, கையை ஒரு இழு இழுத்து, காதைத் தொட வைத்தீர்கள். ஹெட்மாஸ்டர் ரிஜிஸ்டரிலிருந்து நிமிரவே இல்லை, ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு எழுதியது போல எனக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். அந்த இழுப்பின் பலன், எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் வகுப்பிலேயே குள்ளன் என்று நான் முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். அறுபது என்று சொல்லி ஃபாக்டரியில் மாலை போட்டு அனுப்பியபோது எனக்கு நிஜத்தில் ஐம்பத்தெட்டு. அப்போதுகூட நான் உங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியவர், பாசத்தில் செய்தார் என்று விட்டுவிட்டேன். ஆனால் இப்போது என் பெண்டாட்டி கடலுக்கு அடியில் யாரோ ஒரு கைடு பையன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் மேலே படகில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால், என் மனசு ஆறாது மாமா. எனக்கு இது பெரிய விஷயம். சிரிக்காதீர்கள்.

ஷில்பா தன் மேனேஜரிடம் கெஞ்சி ஒரு வழி வாங்கிக் கொடுத்தாள். நான் பிறந்தபோது கூட இருந்த மூத்த உறவுக்காரர் ஒருவர் பத்திரத்தில் எழுதிக் கொடுத்து நோட்டரி கையெழுத்து வாங்கினால், டாக்டர் சர்டிபிகேட்டோடு சேர்த்து ஏற்றுக்கொள்வார்களாம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஹரிஷ்குமார் பத்திரத்தை டைப் அடித்து எடுத்துக்கொண்டு, அத்திபெலே நோட்டரியையும் பேசி வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவார். 'என் அக்காள் மகன் கோவிந்தராஜன் 1961-ஆம் வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பிறந்தான் என்பதை நேரில் அறிவேன்' என்று இருக்கும். பிறந்ததை நான் பார்க்கவில்லை, வாசலில் நின்று அழுகைச் சத்தத்தைத்தான் கேட்டேன் என்று தயவுசெய்து நோட்டரியிடம் சட்டம் பேசாதீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் கொடுத்த இரண்டு வயதை நீங்களே திருப்பி வாங்கிக்கொண்டால் போதும், வேறு எந்தச் சீரும் உங்களிடம் கேட்க மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். தாங்கள் இருவரும் நூறு வயது வாழ வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொள்கிறேன், அது சர்டிபிகேட்டில் இருக்கிற நூறாக இல்லாமல் நிஜமான நூறாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பிரியமுள்ள மருமகன்,
கோவிந்தராஜன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை காலை): மாமா, மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நேற்று சாயங்காலம் சர்டிபிகேட்டுக்காக இரண்டு பேரும் காக்ஸ் டவுன் டாக்டர் பெர்னார்டிடம் போனோம். என்னைப் பார்த்துவிட்டு, "தாராளமா போங்க" என்று முதுகில் தட்டினார். தமயந்திக்கு ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் ரொம்ப நேரம் அதைத் திருப்பி எடுக்கவே இல்லை. அங்கேயே ஸ்கேனும் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு லேசாகக் கசிகிறதாம். பயப்பட வேண்டியதில்லை, ஒரு மாத்திரை போட்டால் போதும், அந்தமான் போகலாம், படகில் போகலாம், தண்ணீருக்கு அடியில் மட்டும் கூடவே கூடாது என்றார். ஆட்டோ வீட்டுக்குக் கிட்டே வந்ததும் அவள், "பரவால்ல, நீங்க எறங்கிப் பாத்துட்டு வாங்க. இன்னா இன்னா மீனு பாத்தீங்கன்னு ஒண்ணு விடாம வந்து சொல்லணும்" என்றாள். அவள் இல்லாமல் கடலுக்கு அடியில் எனக்கு என்ன வேலை? ஆனால் அவளுக்காக நான் நின்றுவிட்டேன் என்று தெரிந்தால், பின்னால் நின்று தள்ளியாவது என்னைத் தண்ணீரில் இறக்கிவிடுவாள். ஆகவே ராத்திரி ஒரு பொய் சொல்லிவிட்டேன். தெருக்கோடிக்குப் போய் மாமாவுக்கு போன் போட்டுக் கத்திக் கேட்டேன், ஸ்கூலில் எழுதியதுதான் நிஜம், கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார் என்றேன். மாப்பிள்ளை நேரில் வந்து எவ்வளவு கெஞ்சினாலும் நீங்கள் அப்படியே சொல்ல வேண்டும். காது கேட்காதது போல இருந்துவிட்டாலும் சரி. இந்தக் கடிதம் சனிக்கிழமையே உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள், அத்தையிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

தமயந்தி நேற்று ராத்திரியிலிருந்து உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். "பெரிய மனுஷன் பண்ற வேலையா இது, எம் புருஷன் ஆசையில மண்ணப் போட்டுட்டாரே" என்கிறாள். அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டினேன் மாமா, மன்னிக்கவும்.